நாலாம் தண்ணி

சங்கையா வீட்டில் இரண்டு மாதமாகச் சண்டை இல்லை. வாராவாரம் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்து வருகிறவர்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. மூத்தவள் முத்துத்தாயை, "ஏழு வருசமா வயித்துல ஒரு புழு பூச்சி வைக்கல" என்று பந்தல்குடி மாமியார் பேசிய பேச்சும், இளையவள் முத்துலட்சுமி காலேஜுக்குப் போகவே கூடாது என்று சங்கையா மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்த கூத்தும், "அப்படின்னா நான் கெணத்துல விழுந்துருதேன்" என்று அவர் பெண்டாட்டி சந்தனம்மாள் மல்லுக்கு நின்றதும் நடந்த வீடுதானே அது?

சண்டை ஓய்ந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, முத்துத்தாயின் வயிறு. ஏழு வருஷத்துக்குப் பிறகு ஆறு மாதம் தாண்டி நிற்கிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை தாய் வீட்டில் இருக்கட்டும் என்று அவள் புருஷன் பால்சாமியே கொண்டுவந்து விட்டுப் போனான். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.

இன்னொன்று, விதைச் சோளம்.

புரட்டாசியில் நாலு தூற்றல் விழுந்ததை நம்பிச் சங்கையா பாதி நிலத்தில் வீரிய ஒட்டுச் சோளம் விதைத்தார். முளைத்தது. முளைத்த வேகத்திலேயே கருகியது. மீதி விதை வீட்டுத் தானியக் குலுக்கையில் கிடந்தது. நல்ல வெள்ளைச் சோளம், முத்து முத்தாக. ஆனால் மேலெல்லாம் ரோஸ் கலரில் மருந்து பூசியிருந்தது. "விதைக்கு மட்டுந்தான், திங்கிறதுக்கு இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சும்மா கிடக்கிறதைக் கழுவிப் பொங்கினால் என்ன என்ற கேள்வி கருவக்குளத்தில் அந்த விதையை வாங்கிய பன்னிரண்டு வீட்டில் இருந்தது. பரளச்சியிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளிக் கிடக்கும் அந்தக் காட்டு ஊரில் அதைக் கேட்க ஆள் ஏது?

சங்கையா தன் மகளையே கேட்டார். முத்துலட்சுமி அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம். ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "உங்க காலேசுல கண்ணாடிக் குழாயெல்லாம் இருக்கும்லத்தா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

படிக்கவே கூடாது என்று முரண்டு பிடித்த தகப்பன் வந்து இப்படிக் கேட்டால் எந்தப் பெண்ணுக்குத்தான் தலைகால் புரியும்? லேபில் எல்லோரும் போன பிறகு செய்து பார்த்தாள். முதல் தண்ணீர் ரோஜாப்பூ நிறம். இரண்டாவது வெளிறியது. மூன்றாவதில் லேசாக ஒரு சாயல். நாலாம் தண்ணீர் தெளிவாக நின்றது. வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துக்கூடப் பார்த்தாள்.

"நாலு தண்ணி கழுவுனாப் போதும்யா. எல்லாம் போயிரும்" என்றாள்.

சங்கையா அதோடு விடுகிற ஆளா? கழுவிய சோளத்தை ஒரு வாரம் சேவலுக்குப் போட்டுப் பார்த்தார். சேவல் முன்பைவிட ஓங்கிக் கூவியது. அன்றைக்கு டீக்கடைக்குப் போய், "காலேசுல படிக்கிற எம் மக சொல்லிட்டா" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. முத்துலட்சுமியின் படிப்பு அந்த ஒரு பதிலில்தான் பிழைத்துக் கிடந்தது.

இப்போது எழுபத்துநாலாம் வருஷத்துக் கார்த்திகை. கடைசி வெள்ளிக்கிழமை. இனி மழை இல்லை என்று ஊரே கைவிட்டுவிட்ட நாள்.

*

காலையில் முத்துலட்சுமி தலை பின்னிக்கொண்டிருந்தபோது முத்துத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளு லீவு போட்டா என்னடி? ஊரே மழைக்கஞ்சி காய்ச்சுது, நீ மட்டும் பையத் தூக்கிட்டுப் போற."

மழைக்கஞ்சி என்றால் அந்தப் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. பெண்கள் ஓலைப்பெட்டியை ஏந்திக்கொண்டு வீடு வீடாகத் தானியம் பிச்சை எடுப்பார்கள். சொந்த ஊரில், சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்று பிச்சை. அதைக் கோயில் முன்னால் கஞ்சியாகக் காய்ச்சி, "பொழைக்க வழியில்ல தாயே, ஊரை விட்டுப் போறோம்" என்று காளியம்மனிடம் ஒப்பாரி வைத்து அழுதுவிட்டு எல்லோரும் குடிப்பார்கள். அதைப் பார்த்தாவது வானம் இரங்காதா என்று ஒரு நம்பிக்கை.

இந்தத் தடவை பன்னிரண்டு வீட்டிலும் மீதிக் கிடந்த விதைச் சோளம் அண்டாவுக்குப் போகிறது. சங்கையாவின் யோசனை அது. "மண்ணுக்குன்னு வாங்குனோம், மண்ணு ஏத்துக்கல. சாமிக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். நாலு தண்ணீர் கழுவுவதை அவரே பக்கத்தில் நின்று பார்த்தார்.

"டெஸ்ட் இருக்குக்கா. சாயங்காலம் வந்து மிச்சத்தக் குடிக்கிறேன்."

"மொதக் கஞ்சி எனக்குத்தானாம். வயித்துல புள்ளையோட இருக்கிறவ குடிச்சா மேகமும் சூல் கொள்ளும்னு ஒச்சம்மா சித்தி சொல்லுச்சு." முத்துத்தாய்க்கு முகமெல்லாம் வெட்கம். ஏழு வருஷமாக எந்த நல்ல காரியத்திலும் பின்னால் தள்ளி நிறுத்தப்பட்டவள் அவள்.

சந்தனம்மாள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். முத்துத்தாய் வாங்கினாள். டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"என்னக்கா, டம்ளர் கூடக் கனக்குதா?" முத்துலட்சுமி சிரித்தாள்.

"பிடிச்ச மாதிரித்தான்டி இருந்துச்சு. ஒரு வாரமா விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது. ஒதட்டச் சுத்தி எறும்பு ஊறுற மாதிரி இருக்கு."

"மாசமா இருந்தா மனுசிக்கு என்னென்னமோதான் செய்யும். எனக்கு ஒங்க ரெண்டு பேரையும் சொமந்தப்ப காலே இல்லாத மாதிரி இருக்கும்" என்றாள் சந்தனம்மாள். அடுப்பில் இரண்டு பாத்திரம் இருந்தது. பெரிய பானையில் எல்லோருக்கும் கம்பங்கூழ். மூடி போட்ட சின்னச் சட்டியில் மூத்த மகளுக்கு மட்டும் தனிக் கஞ்சி.

"எனக்கு அந்தச் சட்டியில ஒரு வாய் கெடையாதாம்மா?"

"நீ என்ன புள்ளையாண்டிருக்கியா? போடி, பஸ்ஸு போயிரும்."

"வாரேன்க்கா. என் பங்கையும் நீயே குடிச்சிரு" என்று சொல்லிவிட்டு முத்துலட்சுமி ஓடினாள்.

*

கோகிலாம்பாள் மிஸ் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சும் தூங்காது. அன்றைக்குப் பாதரசம்.

"பாதரசம் தெர்மாமீட்டர்ல இருக்கு. வேற எங்க இருக்கு?"

"சித்த வைத்தியர் வீட்டுல மிஸ்" என்று யாரோ சொல்ல, வகுப்பு சிரித்தது.

"உங்க வீட்டுத் தானியக் குலுக்கையிலயும் இருக்கும். விதை கெட்டுப் போகாம இருக்கப் பூசி வருதே ஒரு மருந்து, அதுல சிலதுல பாதரசம்தான். அதுல ரோஸ் கலர் இருக்கே, பார்த்திருக்கீங்களா? அது எதுக்கு?"

முத்துலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மற்ற பெண்கள் புத்தகத்தில் படித்ததை அவள் கையால் செய்தே பார்த்திருக்கிறாளே! எழுந்து நின்றாள்.

"அது மருந்தோட கலர் மிஸ். கழுவுனாப் போயிரும்."

"எது போயிடும்?"

"மருந்து மிஸ். நம்ம லேப்லயே நான் செஞ்சு பார்த்தேன். நாலாம் தண்ணி சுத்தமா இருந்துச்சு."

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நாலாம் தண்ணியில நீ எதைத் தேடினே?"

"கலர் இருக்கான்னு பார்த்தேன் மிஸ்."

"பாதரசம் இருக்கான்னு பார்த்தியா?"

முத்துலட்சுமி இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்த மருந்துக்குக் கலரே கிடையாதும்மா. சாயத்தைத் தனியாக் கலக்குறாங்க. இது விதை, திங்காதேன்னு கண்ணுக்குத் தெரியணுமே, அதுக்காக. சாயம் தண்ணியில போயிடும். மருந்து தானியத்தோட தோல்ல ஊறி உள்ளேயே நிக்கும். நீ கழுவி விட்டது எச்சரிக்கையைத்தான். விஷம் அப்படியே இருக்கு, காய்ச்சினாலும் போகாது."

மிஸ் அவளை உட்காரச் சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு மூணு வருஷம் முன்னால இராக்ல இதே தப்பு நடந்தது. விதைக் கோதுமை. கழுவினாங்க, சாயம் போச்சு. சந்தேகத்துக்குக் கோழிக்குப் போட்டுப் பார்த்தாங்க, கோழி சாகலை. சரின்னு ரொட்டி சுட்டுத் தின்னாங்க..."

கோழி என்ற வார்த்தை வரைக்கும்தான் முத்துலட்சுமியின் காதில் ஏறியது. அவளுக்குக் கண்ணெதிரே சேவல் கூவியது. அதற்கு மேல் மிஸ் சொன்னது எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஒரு மாசம் ஒன்றும் தெரியாது... அப்புறம் கை கால் மரத்துப் போகும்... நடை தள்ளாடும், கண் மங்கும்... வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் தின்றால் தாயைவிடப் பிள்ளைக்கு...

பெஞ்சு தடாலென்று சாய்ந்தது. முத்துலட்சுமி வாசலில் நின்றாள்.

"மிஸ், மணி என்ன?"

"பத்தே கால். எங்கேம்மா ஓடுற?"

"எங்க ஊருல அந்தச் சோளத்தத்தான் அண்டாவுல காய்ச்சிக்கிட்டு இருக்காக மிஸ். பன்னெண்டு மணிக்கு ஊரே குடிக்கப் போகுது. நாந்தான் மிஸ் குடிக்கலாம்னு சொன்னேன்!"

கோகிலாம்பாள் மிஸ் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். "ஒருத்தர் வாயிலயும் படக் கூடாது. யாராவது ஏற்கெனவே தின்னிருந்தா இங்க யார்கிட்டயும் காட்டிக்கிட்டு நிக்காதே. நேரா மதுரைப் பெரியாஸ்பத்திரி. புரியுதா? போ!"

*

பரளச்சி பஸ் பத்து மணிக்கே போய்விட்டது. அடுத்தது பன்னிரண்டரைக்கு.

பஸ் ஸ்டாண்டு வாசலில் புண்ணாக்கு லோடு ஏற்றிய ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. பரளச்சிக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்ராஜுடையது. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். முத்துலட்சுமி போய்க் கதவைப் பிடித்துத் தொங்கினாள்.

"அண்ணாச்சி, என்னைய ஊருல விடுங்க."

"யாரு, சங்கையா மகளா? ஏத்தா, நீ லாரியில ஏறி வந்தேன்னு தெரிஞ்சா உங்கய்யா என்னைய வெட்டிப் போடுவாரு."

"பன்னெண்டுக்குள்ள நான் போகலைன்னா அங்க வெட்டுறதுக்கு ஆளே இருக்காது அண்ணாச்சி."

விஷயத்தைக் கேட்டதும் பொன்ராஜ் மறுபேச்சுப் பேசவில்லை. டவுனைத் தாண்டியதும் லாரி பறந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல் வாய் பிளந்து கிடந்தது. ஒரு பச்சை இல்லை.

"நானும் ரெண்டு படி பாசிப்பருப்பு குடுத்தேன்த்தா, அந்தக் கஞ்சிக்கு" என்றார் பொன்ராஜ். கியரை மாற்றிக்கொண்டே, "காலேசுப் புள்ள சொல்லிருச்சுன்னு உங்கய்யா எங்கடையில வந்து கூடப் பெருமையடிச்சாரே, அது..."

"ஆமா அண்ணாச்சி. அது நாந்தான்."

"இப்பப் போயி அது தப்புன்னு சொன்னா உன் படிப்பு என்னாகும்?"

முத்துலட்சுமிக்கு அது தெரியாதா? நாளைக்கே பாவாடை தாவணியை மூட்டை கட்டி வைத்து எவனுக்காவது கழுத்தை நீட்டச் சொல்வார்கள். தெரிந்துதான் லாரியில் ஏறினாள்.

"இன்னுங் கொஞ்சம் மிதிங்க அண்ணாச்சி" என்றாள்.

*

லாரி கருவக்குளத்துக் கண்மாய்க் கரையில் திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. கொட்டுச் சத்தம் அதற்கு மேல் கேட்டது. முத்துலட்சுமி குதித்து ஓடினாள். ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று.

காளியம்மன் கோயில் முன்னால் நாலு அண்டா. சுற்றிலும் சனம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் மனைப்பலகையில் மஞ்சள் பூசிய முகத்தோடு முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். கையில் வெண்கலக் கும்பா. சங்கையா அகப்பையில் கஞ்சியை மொண்டு, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, மகள் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அய்யா, ஊத்தாதீக! அது விசம்!"

யாருக்குக் கேட்கும்? கொட்டு முழங்கியது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அகப்பை சாய்ந்தது.

முத்துலட்சுமி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். முதல் கை மண் அகப்பையில் விழுந்தது. அடுத்தது அண்டாவில். அடுத்தது அடுத்த அண்டாவில். அள்ளி அள்ளிப் போட்டாள். கும்பாவைத் தட்டிவிட்டாள். அது உருண்டு போய்க் கொட்டடிக்கிறவர் காலில் முட்டி நின்றது.

கொட்டு நின்றது. ஒப்பாரி நின்றது. பட்டினி கிடந்த ஊரில், சாமிக்குக் காய்ச்சிய கஞ்சியில் ஒருத்தி மண்ணள்ளிப் போட்டிருக்கிறாள்!

"அடிப் பாவி!" ஒச்சம்மாள்தான் முதலில் கத்தினாள். "சாமி சோத்துல மண்ணையா போட்ட? நீ வெளங்குவியா?"

சங்கையா மகளை அறைந்தார். அவளை அவர் அடித்தது அதுதான் முதல் தடவை. காது கிண்ணென்றது. முத்துலட்சுமி விழவில்லை.

"இன்னும் அடிங்கய்யா. ஆனா ஒருத்தரும் குடிக்காதீக. கழுவுனாப் போயிரும்னு நான் சொன்னது தப்பு. நான் சாயத்தத்தான் பாத்தேன், மருந்தப் பாக்கவே இல்ல. பாக்கத் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எங்க மிஸ்ஸு இன்னைக்குத்தான் சொன்னாக. விசம் சோளத்துக்குள்ளயே இருக்குதாம். காய்ச்சுனாலும் போகாதாம்."

"சேவலு தின்னுச்சே?" என்றார் சங்கையா. "ஒரு வாரம் தின்னுச்சேத்தா? நாந்தான போட்டேன்?"

"ஒடனே கொல்லாதாம்யா. நாளாகுமாம்."

கூட்டத்திலிருந்து சோலை முன்னால் வந்தார். சங்கையாவின் பக்கத்துக் காட்டுக்காரர். "ஏலே சங்கையா, ஒஞ்சேவலு நாலு நாளா நொண்டிக்கிட்டுச் சுவத்துல முட்டிக்கிட்டுத் திரியுதே. பூனை கடிச்சிருச்சுன்னு சொன்ன?"

சங்கையா அடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம் மக சொன்னா சொன்னான்னு நாந்தான் வீடு வீடாச் சொன்னேன். தப்பு என்னோடது. ஆளுக்கொரு மம்பட்டி எடுங்கப்பா. ஆழமாக் குழி வெட்டணும். மாடு, ஆடு, நாயி, ஒண்ணும் வாய் வைக்கப்படாது."

தட்டோடு நின்ற பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தரும் ஒரு வாய் குடிக்கவில்லை. முத்துலட்சுமி அக்காள் பக்கத்தில் மண்ணிலேயே பொத்தென்று உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அக்கா, இன்னும் அரை நிமிசம் பிந்தியிருந்தா உனக்குள்ள போயிருக்கும்க்கா. தப்பிச்சோம்க்கா. ஒரு சொட்டுக் கூட உள்ள போகல."

முத்துத்தாய் ஒன்றும் புரியாமல் தங்கையின் தலையைத் தடவினாள். கன்னத்தில் அய்யா விரல் பதிந்த இடத்தைத் தேடித் தொட்டாள். தொட்டது சரியான இடம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை போல, விரல் தடுமாறித் தடுமாறிப் போயிற்று.

"லட்சுமி."

சந்தனம்மாள் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இப்போது மெதுவாகக் கேட்டாள்.

"அஞ்சு தண்ணி கழுவியிருந்தா?"

"என்னம்மா?"

"நாலு தண்ணிக்குப் பதிலா அஞ்சு தண்ணி கழுவியிருந்தாப் போயிருக்கும்லடி?"

"பத்துத் தண்ணி கழுவுனாலும் போகாதும்மா. அதான் கொட்டிட்டோம்ல, விடு."

"நல்லா ஒரலுல குத்தி, உமியெல்லாம் பொடச்சிட்டுக் காய்ச்சுனா?"

முத்துலட்சுமி தலையைத் தூக்கினாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் என்னவோ இருந்தது.

"ஏம்மா கேக்குற?"

"அவ ஏழு வருசங் கழிச்சு உண்டாயிருக்காடி." சந்தனம்மாள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "வீட்டுல கம்பும் வரகும் தவிர ஒண்ணுமில்ல. புள்ளைத்தாச்சிக்குக் கம்பங்கூழா ஊத்துறதுன்னு மனசு கேக்கல. குலுக்கையில அத்தனை நல்ல வெள்ளைச் சோளம் கெடந்துச்சு. நீதான் கழுவிட்டா ஒண்ணுஞ் செய்யாதுன்னு சொன்னியே. ஐப்பசி மொதச் செவ்வாயில இருந்து தெனமும் ஒரு சின்னச் சட்டி. உங்கய்யாவுக்குக் கூடத் தெரியாது. ஒரு நாளு கூட விடல."

முத்துலட்சுமிக்குக் காலையில் பார்த்த மூடி போட்ட சட்டி கண்ணில் வந்தது. உருண்ட டம்ளர் வந்தது. வகுப்பில் காதில் ஏறாமல் விட்ட வார்த்தைகளெல்லாம் இப்போது ஒன்று விடாமல் மிஸ்ஸின் குரலிலேயே வந்தன. கை கால் மரத்துப் போகும். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் தின்றால் தாயைவிடப் பிள்ளைக்கு. அதற்கு மேல் மிஸ் என்ன சொன்னார்? அதைக் கேட்காமல்தானே எழுந்து ஓடி வந்தாள்!

"நாலு தண்ணி கழுவித்தான்டி போட்டேன்" என்றாள் சந்தனம்மாள். "எண்ணி எண்ணிக் கழுவுனேன். நீ சொன்ன மாதிரியே."

சங்கையாவின் கையிலிருந்த மம்பட்டி நழுவி விழுந்தது. கண்மாய்க் கரையில் நின்ற பொன்ராஜுக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது, லாரியைப் பின்னால் திருப்பிக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து, புண்ணாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் தள்ள ஆரம்பித்துவிட்டார். மதுரை அங்கிருந்து நாற்பது மைலுக்கு மேல். விடிந்தால் சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் பால்சாமி வந்து நிற்பான்.

அம்மா சொன்னது எதுவும் காதில் விழாத மாதிரி முத்துத்தாய் உருண்டு கிடந்த கும்பாவை எட்டி எடுத்தாள். அது அவள் விரலுக்குள் நிற்காமல் மறுபடியும் நழுவி விழுந்தது. நிமிர்ந்தாள். அய்யா, அம்மா, தங்கை, ஒச்சம்மா சித்தி, மொத்த ஊரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏன் எல்லாரும் என்னையவே பாக்கிறீக?" என்று கேட்டாள் முத்துத்தாய். "நாந்தான் இன்னும் குடிக்கவே இல்லையே?"